பிரேசில் ஆட்டமும் பிரதீப்பின் குளிகையும்

கத்தாரிலிருந்து திரும்பிய நாள் முதல் கேரள எல்லையோரப் பாறசாலையில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். மொத்தம் எவ்வளவு ஆச்சு? உலகக் கோப்பையை நேரில் பார்த்துவிட்டு வந்தவனிடம் ஆட்டம் எப்படி இருந்தது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. விமானத்துக்கு இவ்வளவு, டிக்கெட்டுக்கு இவ்வளவு என்று கூட்டி ஒரு தொகையைச் சொல்வேன். கேட்டவர் வாயைப் பிளந்துவிட்டுப் போவார். நான் சொல்கிற தொகை பொய்யில்லை, ஆனால் முழுக் கணக்கும் அதில் இல்லை.

பாறசாலையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். அதனால் ஊரில் பாதிப்பேருக்கு நான் ஆசான். கால்பந்தில் அர்ஜென்டினாக் கட்சி. அப்படிப்பட்டவன் பிரேசில் ஆட்டம் பார்க்கக் கடல் தாண்டியது தாஸுக்காக. சத்தியதாஸ் என்று முழுப்பெயர். பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், சபையில் பாட்டுக்குழுக்காரன், ஊருக்குத் தாஸ் சார். எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து தாஸ். ஒரு தடவையாவது மஞ்சள் சட்டைக்காரர்களைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. அம்பூரியில் இருக்கும் துண்டு ரப்பர் தோட்டத்தின் வருமானத்தை இதற்கென்றே சேர்த்து வைத்திருந்தான். சர்க்கரை நோயாளியைத் தனியாக அனுப்ப அவன் மனைவிக்குத் தைரியமில்லை. அதனால் நானும் புறப்பட்டேன்.

சாலைச் சந்திப்பில் மன்றத்துப் பையன்கள் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். நடுவில் மஞ்சள் ஜெர்சியில் தாஸ், இரண்டு பக்கமும் பிரேசில் ஆட்டக்காரர்கள். அவர்கள் தோளில் இவன் கைபோட்டிருப்பதுபோல வெட்டி ஒட்டியிருந்தார்கள். "கத்தார் மண்ணை மிதிக்கும் நம்ம தாஸ் சார்" என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருந்தது. நான் பக்கத்தில் போய் நின்று என் படம் எங்காவது உண்டா என்று தேடினேன், இல்லை.

ஃபிளெக்ஸ் வைத்தால் ஊருக்கே தெரிந்துபோகும். தெரிந்தால் பொதிகள் வரும். எங்கள் பக்கத்தில் ஒருத்தர் வளைகுடாவுக்குப் போகிறார் என்றால், அங்கே மகன் இருக்கிற வீடுகளிலிருந்தெல்லாம் பொதி வந்து சேரும். அச்சப்பம், நேந்திரங்காய் உப்பேரி, மீன் ஊறுகாய், கருவாடு. பத்திரிகைத் தாளில் சுற்றி, பழுப்பு டேப்பால் வரிந்து கட்டி, மேலே பெயரும் ஃபோன் நம்பரும் எழுதியிருக்கும். கொண்டுபோகிறவர் மறுக்கவும் கூடாது, அவிழ்த்துப் பார்க்கவும் கூடாது. அவிழ்த்தால், கொடுத்தவளை முகத்துக்கு நேரே சந்தேகப்பட்டதாக அர்த்தம். என் வாசலுக்கு வந்த பொதிகளை நான் அங்கேயே அவிழ்க்கச் சொன்னேன். ரெண்டு பேர் முகத்தைத் தூக்கிக்கொண்டு பொதியோடு திரும்பிப் போனார்கள்.

"ஒரு பொதி கொண்டு போனா உங்க கை ஒடிஞ்சு போவுமா?" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா. "இனி நான் எந்த மொவத்தோட அவங்க வீட்டு முன்ன நடப்பேன்?"

தாஸ் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டான். அதில் ஒன்று சுலோசனாவுடையது. அவன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள். கணவன் இல்லை, தொழிலுறுதி என்கிற நூறுநாள் வேலைக்குப் போகிறாள். மகன் பிரதீப் தோஹாவில் ஒரு தண்ணீர்க் கம்பெனியில் பெரிய குடிநீர்ப் பாட்டில்களைக் கடை கடையாகத் தூக்கி வைக்கிற வேலையில் இருக்கிறான். தாஸ் வேலைபார்த்த பள்ளியில்தான் படித்தான். வண்டி ஓட்ட நான் கற்றுக்கொடுத்தேன்.

"அவுத்துப் பாருலே," என்றேன்.

"பெத்த அம்மை கெட்டித் தந்ததாக்கும்," என்றான் தாஸ். "அதுல நான் என்னத்த அவுத்துப் பாக்க?"

விமானத்தில் பாதிப்பேர் பிரேசில் மஞ்சள், பாதிப்பேர் அர்ஜென்டினா நீலக்கோடு. திருவனந்தபுரத்தில் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை பாட்டும் கைதட்டலும்தான். பணிப்பெண்கள் சோறு கொடுக்க நடக்க இடமில்லாமல் கெஞ்சினார்கள். தாஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜெர்சியை நீவி நீவி விட்டுக்கொண்டிருந்தான். "எலே, நம்பவே முடியல்ல," என்று நாலைந்து தரம் சொன்னான்.

தோஹா விமான நிலையத்தில் மேளம், இனிப்பு, பொம்மை வேஷம் கட்டியவர்கள். பெட்டிகளைச் சோதிக்கும் இடத்தில் என் பெட்டி தடையில்லாமல் போய்விட்டது. தாஸின் பெட்டியை ஓரமாக வைத்தார்கள். ஓர் இளம் அதிகாரி சுலோசனாவின் பொதியைக் கத்தியால் கிழித்தான். அச்சப்பம், உப்பேரி, அதற்குக் கீழே ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். மூடியைத் திறந்தால் பஞ்சு, பஞ்சுக்குள் வெள்ளைக் குளிகைகள். அட்டையில்லை, பெயரில்லை, டாக்டர் சீட்டில்லை. வெறும் குளிகைகள், கை நிறைய.

"இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

தாஸுக்கே தெரியாது. பொதியை அவன் அவிழ்த்துப் பார்த்ததே இல்லை. ஊர்க்காரப் பையனுக்குக் கொடுக்கக் கொண்டுவந்தேன் என்று தடுமாறிச் சொன்னான். தன்னுடைய சர்க்கரைக் குளிகைகளை டாக்டர் சீட்டோடு சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினான். அதைப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். பொதியின் மேல் எழுதியிருந்த நம்பருக்கு அங்கிருந்தே கூப்பிட்டார்கள். ஒரு தடவை யாரோ எடுத்து உடனே வைத்துவிட்டார்கள். அடுத்த தடவை ஃபோன் அணைந்திருந்தது.

இரண்டு பேர் அவனை உள்ளே கூட்டிப்போனார்கள். "நீ பெட்டிய எடுத்துட்டுப் போ, நான் இப்ப வாறேன்," என்று திரும்பிப் பார்த்துச் சொன்னான். பக்கத்தில் நீலக்கோட்டுக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே கால் கடுக்க நின்றேன். கடைசியில் ஒரு காவலர் வந்து, இங்கே நிற்கக்கூடாது என்று என்னையும் வெளியே அனுப்பினார்.

வெளியே ஷாஜி காரோடு நின்றான். டிரைவிங் டெஸ்டில் மூன்று தடவை தோற்ற என் மாணவன். இன்றைக்கு அங்கே கம்பெனிக் கார் ஓட்டுகிறான், அரபி பேசுகிறான். அவன் அறையில்தான் எங்களுக்குத் தங்கல். ஒரே அறையில் நான்கு கட்டில்கள், தரையில் எங்கள் இருவருக்கும் பாய். அன்றைக்கு ஒரு பாய் சும்மா கிடந்தது. குப்பூஸ் ரொட்டியும் பருப்பும் தந்தார்கள். தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

மறுநாள் ஷாஜி தன் முதலாளியிடம் கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கி, தாஸை வைத்திருந்த கட்டடத்தைக் கண்டுபிடித்தான். போகிற வழியெல்லாம் ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு கோட்டுக்கு நடுவில் நூல் பிடித்தாற்போல வண்டிகள் போயின. களியக்காவிளையிலிருந்து நெய்யாற்றங்கரை வரைக்கும் ஒரு நாளாவது இப்படி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று வேறு சமயமாக இருந்தால் நினைத்திருப்பேன்.

கண்ணாடி போட்ட, நடுத்தர வயது அதிகாரி ஒருவர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஷாஜி மொழிபெயர்த்தான். அந்தக் குளிகை நரம்பு வலிக்குக் கொடுப்பது. போதைக்காக விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் சீட்டில்லாமல் கொண்டுவரக் கூடாது. யாருக்கு எழுதிய மருந்தோ அந்த ஆள் சீட்டோடும் அடையாள அட்டையோடும் நேரில் வந்து, உண்மையிலேயே நோயாளிதான் என்று தெரிந்தால் விட்டுவிடலாம். வராவிட்டால் நாளை மறுநாள் காலையில் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்.

"போனால்?" என்று கேட்டேன்.

"போனால் என் கையில் இல்லை," என்றார்.

வீட்டுக்குக் கூப்பிட்டேன். சுலோசனாவிடம் எதையும் சொல்லாமல் சீட்டை மட்டும் வாங்கி அனுப்பு, அங்கே இன்னும் கொஞ்சம் மருந்து வாங்க வேண்டும் என்று சொல் என்றேன். ஸ்டெல்லா அனுப்பினாள். பிரதீப் விடுப்பில் வந்தபோது நெய்யாற்றங்கரை டாக்டர் ஒருவர் அவன் பெயருக்கு எழுதியது. அட்டை ஏன் இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "அட்டையோட வச்சா பெட்டிக்குள்ள நசுங்கிப் பொடிஞ்சு போவும்னு ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பஞ்சில வச்சாளாம்," என்றாள் ஸ்டெல்லா. "சொல்லும்போ அவளுக்கு என்ன சந்தோசம் தெரியுமா?"

தண்ணீர்க் கம்பெனியின் பெயரைச் சொல்லி ஷாஜி விசாரித்ததில், பிரதீப் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருப்பது தெரிந்தது. வானுயர்ந்த கட்டடங்கள் எல்லாம் தீர்ந்துபோன பிறகு வருகிற இடம் அது. பட்டறைகள், லாரிகள், வரிசையாகத் தொழிலாளர் விடுதிகள். கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரை கட்டி அவர்களுக்கு ஆட்டம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்டேடியத்துக்குள் போகக் காசில்லாதவர்களுக்கு இது இலவசம். ஆயிரக்கணக்கில் ஆட்கள் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து ஒருத்தன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். அதுதான் பிரதீப்.

என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "இரிலே," என்றேன், தள்ளி ஒரு சிமெண்ட் கட்டையைக் காட்டி.

"இருந்தா எழும்ப முடியாது ஆசானே," என்றான்.

நடந்ததைச் சொன்னேன். அரபியில் யாரோ கூப்பிட்டதும் பயந்துபோய் ஃபோனை அணைத்துவிட்டதாகச் சொன்னான். எனக்குக் கை ஓங்கத் தோன்றியது. "அவனுக்க வயசு என்னன்னு தெரியுமா? சர்க்கரைக்காரன். உனக்க மருந்தைக் கொண்டு வந்து உள்ள கிடக்கான்," என்றேன்.

"எனக்கு நடுவு ஒடிஞ்ச கணக்கா ஆக்கும் ஆசானே," என்று இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினான். "ஒரு குளிகை போட்டாத்தான் ஒரு நாள் தண்ணி தூக்க முடியும். இஞ்ச ஆஸ்பத்திரிக்குப் போனா கம்பெனிக்குத் தெரியும். தூக்க முடியாதவன இவனுவ வச்சிருப்பானுவளா? மறுநாளே ஊருக்கு விமானம் கேற்றி விடுவான். தங்கச்சிக்கு நர்சிங் இன்னும் ஒரு வருசம் உண்டு. அது முடியட்டுண்ணுதான் பல்லக் கடிச்சிட்டு நிக்கேன்." பிறகு கேட்டான்: "நான் வந்தா கம்பெனி ஆளையும் விளிப்பாங்களா?"

ஷாஜி ஆமென்று தலையை ஆட்டினான்.

"யோசிச்சிட்டுச் சொல்லுதேன்," என்றான் பிரதீப். திரையில் யாரோ கோல் அடித்தார்கள். மைதானமே எழுந்து குதித்தது. அவன் கம்பத்தை விடாமல் பிடித்துக்கொண்டான்.

அடுத்த நாள்தான் பிரேசில் ஆட்டம். காலையில் ஷாஜியின் ஃபோனில் தாஸோடு பேச விட்டார்கள்.

"எனக்க சர்க்கரைக் குளிகை ஒக்க நேரத்துக்குத் தாறாங்க. சோறும் உண்டு. நல்ல மனுசம்மாருதான்," என்றான். "நீ ஸ்டேடியத்துக்குக் களி காணப் போணும், கேட்டியா?"

"உனக்கு பைத்தியமாலே? நீ உள்ள கிடக்க, நான் களி காணவா?"

"ரெண்டு சீட்டும் காலியாக் கிடந்தா எனக்குப் பொறுக்காது. நீ போய்ப் பாத்திட்டு வந்து சொல்லு."

பிரதீப்பைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். "அவன நெருக்காத," என்றான். "வந்தா வரட்டு."

இந்த நல்ல மனதுதான் அவனை உள்ளே தள்ளியது என்று கத்த வேண்டும்போல இருந்தது. அதற்குள் ஃபோனை வாங்கிவிட்டார்கள்.

போனேன். தவறான இலவசப் பேருந்தில் ஏறி, வேறேதோ கடற்கரையில் இறங்கி, கேட்டுக்கேட்டு மெட்ரோ பிடித்தேன். மெட்ரோவிலிருந்து ஸ்டேடியத்துக்கு வேலி கட்டிய பாதையில் நடை. உயரமான நாற்காலிகளில் ஆப்பிரிக்க இளைஞர்கள் உட்கார்ந்து ஒலிபெருக்கியில் பாட்டுப்போல வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் அதற்கு எதிர்ப்பாட்டுப் பாடியது. உள்ளே ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினேன். அந்த விலைக்கு எங்கள் பக்கத்தில் மீன்கறியோடு வயிறாரச் சோறு தின்னலாம்.

இருக்கை நல்ல இடம். புல்லின் பச்சை கண்ணைக் கூசவைத்தது. டிவியில் பார்க்கிறபோது ஆட்டக்காரர்கள் ஓடுவதுதான் தெரியும். நேரில் அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் பந்தை உதைக்கிற சத்தமும் கேட்கிறது. தாஸ் இதற்காகத்தான் வாழ்நாள் முழுக்க ஏங்கினான் என்று நினைத்தபோது என்னால் உட்கார முடியவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு வயதான பிரேசில்காரர் தன் கொடியையும் பையையும் வைத்திருந்தார். யாராவது வருகிறார்களா என்று சைகையில் கேட்டார். என் அரைகுறை ஆங்கிலத்தில், "நண்பன். போலீஸ்," என்றேன். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, கொடியையும் பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் முடிகிறவரை அந்த இருக்கையில் யாரையும் உட்கார விடவில்லை.

பின்வரிசையில் நம்மூர்ப் பையன்கள் இருந்தார்கள். "அண்ணா, நம்ம டீம் தோத்தா நான் நாட்டுக்கே போகமாட்டேன்," என்று ஒருத்தன் மலையாளத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். கோல் விழுந்தபோது நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதீப்பிடமிருந்து ஒன்றும் வரவில்லை. யார் அடித்தது என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

மறுநாள் காலை நானும் ஷாஜியும் அந்தக் கட்டடத்துக்குப் போனபோது பிரதீப் வாசலில் நின்றிருந்தான். அயர்ன் செய்த சட்டை போட்டிருந்தான். முந்தின நாள் முழுக்கக் குளிகை இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "தாஸ் சாரு எனக்குப் பரீட்சை ஃபீசு கெட்டினவராக்கும்," என்று மட்டும் சொன்னான்.

உள்ளே சீட்டைப் பார்த்தார்கள், அட்டையைப் பார்த்தார்கள், கம்பெனிக்குக் கூப்பிட்டார்கள். டை கட்டிய ஒரு மலையாளி வந்தார். பிரதீப்பின் மேலாளர். அவர் அதிகாரியிடம் அரபியில் சொன்னதை ஷாஜி என் காதில் சொன்னான். "இவனுக்கு வலியா? என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லையே. தினமும் மற்றவர்களைவிட அதிகமாகத் தூக்குகிறான். இவனுக்கு ஒரு நோயும் கிடையாது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். நோயில்லாதவனுக்கு எதற்கு இவ்வளவு குளிகை? விற்கவா? அவர் கேட்காவிட்டாலும் அந்தக் கேள்வி அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. மேலாளர் தன் ஆளைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன வார்த்தை, தாஸின் கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டது.

மூலையில் தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிறைந்த பெரிய பாட்டில் ஒன்று இருந்தது. அதிகாரி அதைக் காட்டினார். தூக்கு என்றார்.

பிரதீப் அதன் முன்னால் போய் நின்றான். எத்தனையோ மாதமாக இந்த மேலாளர் கண்முன்னே வலியைக் காட்டாமல் தூக்கிப் பழகியவன். அன்றைக்கும் பல்லைக் கடித்துத் தூக்கியிருந்தால் வேலை நின்றிருக்கும். அவன் ஒரு தடவை மேலாளரைப் பார்த்தான். பிறகு குனிந்து, பாட்டிலின் கழுத்தைப் பிடித்து, கொஞ்சம் தூக்கி, அடக்கி வைத்திருந்ததை விட்டுவிட்டான். "எம்மோ" என்று அவன் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த காவலர்கள் ஓடிவந்தார்கள். முழங்காலில் விழுந்தவனால் எழ முடியவில்லை. அது நடிப்பில்லை என்று சொல்ல டாக்டர் தேவைப்படவில்லை.

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மேலாளர் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யாரிடம் என்ன பேசினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

தாஸை அழைத்து வந்தார்கள். அதே மஞ்சள் ஜெர்சி, கசங்கிப் போயிருந்தது. என்னிடம் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே போய் பிரதீப்பின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினான்.

"எனக்கு வேண்டி எதுக்கு மக்கா?" என்று கேட்டான்.

"அது போவட்டு சார்," என்றான் பிரதீப். "அம்மைக்கு ஒண்ணும் தெரியாண்டாம். கம்பெனி லீவு தந்துதுண்ணு சொல்லி நான் வந்துக்கிடுவேன். குளிகை கிட்டிச்சுண்ணு மட்டும் சொல்லிருங்க."

குளிகைகளைத் திருப்பித் தரவில்லை. ஒன்றாவது கிடைக்குமா என்று ஷாஜி கேட்டுப் பார்த்தான், சட்டமில்லை என்றார்கள். மேலாளரின் காரில் பிரதீப்பைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கூட்டிப்போனார்கள். அடுத்த வாரமே அவனுக்கு விமானம் என்று ஷாஜி பிறகு சொன்னான்.

நாங்கள் மறுநாள் ஊர் திரும்பினோம். சந்திப்பில் ஃபிளெக்ஸைத் தாஸ் ஏறிட்டும் பார்க்கவில்லை. பையன்கள் வெடி வாங்கி வைத்திருந்தார்கள், வேண்டாமென்று நான் கையைக் காட்டினேன். அவன் வீட்டு வாசலில் கார் நின்றபோது சுலோசனா காத்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போன கோலத்திலேயே, கையில் மண் ஒட்டியபடி.

"சாரே, எனக்க மவனக் கண்டியளா?"

"கண்டேன்," என்றான் தாஸ்.

"குளிகை கிட்டிச்சா?"

வாழ்நாளில் தாஸ் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பெட்டியைக் கீழே வைத்தான்.

"கிட்டிச்சு சுலோசனே."

அவள் முகம் மலர்ந்தது. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தாள்.

"ஒண்ணுகூட பொடியல்லியே?"

"இல்ல," என்றான் தாஸ். "ஒண்ணும் பொடியல்ல."